மவுண்ட் ரோட்டில் இரு கட்டடங்கள்

1960ஆம் ஆண்டு, நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, என் பாட்டனார் என்னைச் சென்னைக்கு அழைத்துவந்து மவுண்ட் ரோட்டைக் காட்டினார். அண்ணா சாலை என்னும் பெயர் அதற்குப் பின்னால் வந்தது. முந்தைய ஆண்டில்தான் அங்கே எல்.ஐ.சி. மாளிகை திறக்கப்பட்டிருந்தது. 14 மாடி; 177 அடி உயரம். அந்நாளில் இந்தியாவிலேயே அதனினும் உயர்ந்த மாடிக் கட்டடம் இல்லை. வெளியூரார் கழுத்து நோவ அண்ணாந்து நின்றார்கள். நானும் மாடிகளை எண்ணினேன். பாட்டனாரோ ஒருமுறை பார்த்துவிட்டு, "தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கிறது" என்று சொல்லி மேலே நடந்தார்.

அவர் உள்ளம் பறிகொடுத்தது அதே சாலையிலிருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்திடம். வளைவுகளும் மாடங்களும் கூம்பிய கோபுரங்களும் கலந்த அக்கட்டடத்தை 1897இல் ஸ்மித் என்னும் மருந்து வணிகர் தம் நிறுவனத்துக்காக எழுப்பினார். 1934இல் அது காப்பீட்டுக் கழகம் ஒன்றின் உடைமையாயிற்று. "இதுவன்றோ நம் ஊர்க் கட்டடம்!" என்பார் பாட்டனார்.

மாணவ நண்பர்களே, இந்த "நம் ஊர்" என்னும் சொல்லைச் சற்றே ஆராய வேண்டும். அந்தப் பாணிக்கு இந்தோ-சாரசனிக் என்று பெயர். சென்னையில் அதை வேரூன்றச் செய்தவர்களுள் தலையாயவர் ராபர்ட் சிசம் என்ற ஆங்கிலேயர். கடற்கரையிலுள்ள பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் 1874 முதல் 1879 வரை அவர் கட்டியது. 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையையும், தாம் செப்பனிட்ட மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் கருத்தூன்றிப் பயின்றார். ஆயினும் அயல் நாட்டார் ஒருவர் அயல் அரசுக்காகத் தெரிந்தெடுத்த கலவைதான் அது. நம் கோயிற் சிற்பிகளிடம் அந்தக் குவிமாடங்களைக் காட்டியிருந்தால், அவர்களும் என் பாட்டனாரைப் போலவே முகம் சுளித்திருக்கக்கூடும்!

அப்படியானால் பழமை என்பது வெறும் பழக்கந்தானா? அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. அக்காலத்துக் கட்டடங்கள் சென்னையின் வெயிலை அறிந்தவை. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மதராஸ் தளம், கனத்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம், மாலையில் கடற்காற்றுக்கு வழிவிடும் பலகணிகள்! மின்விசிறி இல்லாத நாளில் மனிதர் அங்கே அமர்ந்து வேலை செய்தனர். இன்று எழும்பும் கண்ணாடிச் சுவர் மாளிகைகளோ குளிர்பதனப் பொறி ஒரு நாழிகை நின்றால் அடுப்பாகிவிடுகின்றன. பாட்டனார் தீப்பெட்டி என்று சொன்னதைவிட, இந்தக் குறையையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

இனி வரலாற்றின் ஒரு விந்தையைச் சொல்லவேண்டும். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டபோது, பழைய பாரத் கட்டடமும், அப்பொழுது எழும்பிக்கொண்டிருந்த புதிய மாளிகையும் ஒரே கழகத்தின் கைக்கு வந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், பழையதை இடிக்கும் வேலை தொடங்கிற்று. மரபுக் காவலர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010இல் உயர் நீதிமன்றம் இடிக்கலாகாது என்று தீர்ப்பளித்ததோடு, நகரின் மரபுக் கட்டடங்களைக் காக்க ஒரு குழு வேண்டுமென்றும் பணித்தது. பிற இடங்களில் வழக்காடவும் நேரம் வாய்க்கவில்லை. ஸ்பென்சர் கட்டடம் 1983இலும், 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985இலும் தீக்கிரையாயின. பழைய புத்தகக் கடைகளுக்காக மூர் மார்க்கெட்டில் அலைந்த என் போன்றோர்க்கு அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

எல்.ஐ.சி. மாளிகையும் 1975இல் தீயில் வெந்து மீண்டது. இன்று அதனினும் உயர்ந்தவை நகரெங்கும் நிற்கின்றன. அதை அண்ணாந்து பார்ப்பார் இல்லை. இடம் போதவில்லை, காலத்துக்கு ஒவ்வவில்லை என்று சொல்லி அதையும் இடிக்க ஒருநாள் யாரேனும் முன்வரலாம். அன்று அந்தத் தீப்பெட்டியின் பக்கம் நின்று வாதாட நான் போவேன். பாட்டனார் இருந்திருந்தால் என்னோடு வருவாரா என்பதுதான் தெரியவில்லை.