எஸ்பொசிட்டோ: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், கடலோரத்தில் அமைந்த பழம்பெரும் நகரம் நேப்பிள்ஸ். அந்நகர மக்கள் மிகுதியாகத் தாங்கியிருக்கும் குடும்பப் பெயர் யாதென ஆராய்ந்தால், எஸ்பொசிட்டோ என்பதே முதலிடம் பெறுகிறது. இத்தாலி முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், முன்னணியில் நிற்கும் சில பெயர்களுள் அதுவும் ஒன்று. மீனவர், கடைக்காரர், வழக்கறிஞர், பேராசிரியர் என எல்லா நிலையினரிடையும் அப்பெயர் வழங்குகிறது. ஆயினும் முற்காலத்தில் அது, பெற்றோர் இன்னார் என்று அறியப்படாத குழந்தைக்கு இடப்பட்ட பெயர். பழிக்கு அடையாளமாக இருந்த ஒரு சொல், ஒரு நகரத்தின் பொதுப் பெயராக மாறியது எவ்வாறு என்பது அறியத்தக்க செய்தியாகும்.

பெயரின் பொருள்

இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் தோன்றியவை. தந்தையின் பெயரால் வந்தது 'தி ஜொவான்னி'. ஊரின் பெயரால் வந்தது 'ரொமானோ'. தொழிலால் வந்தது, கொல்லரைக் குறிக்கும் 'ஃபெர்ராரி'. தோற்றத்தால் வந்தது, செந்நிற முடியை உடையவரைச் சுட்டும் 'ரோஸ்ஸி'. எஸ்பொசிட்டோ என்னும் பெயரோ இந்நான்கினுள் எதிலும் அடங்குவதில்லை. தந்தை, ஊர், தொழில் ஆகிய எவையும் தெரியாத நிலையையே அது குறிக்கிறது.

வெளியே வைத்தல் என்னும் பொருளுடைய 'எக்ஸ்போனெரெ' என்ற இலத்தீன் வினையிலிருந்து 'எக்ஸ்பொசிட்டுஸ்' என்ற சொல் பிறந்தது. வெளியே வைக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். வளர்க்க விரும்பாத அல்லது வளர்க்க இயலாத குழந்தையைப் பொது இடத்தில் விட்டுச் செல்லும் வழக்கம் உரோமானியர் காலத்திலேயே இருந்தது. இக்கால இத்தாலிய மொழியில் அச்சொல் 'எஸ்பொஸ்தோ' எனச் சுருங்கிவிட்டது. குடும்பப் பெயர் மட்டும் இலத்தீனின் பழைய வடிவத்தை ஒட்டியே நிற்கிறது.

1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரெந்து பொதுச்சங்கத்திற்குப் பின்னர், கத்தோலிக்கக் கோயில்களில் திருமுழுக்கு, திருமணம் ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவு செய்யும் முறை பரவியது. பதிவேட்டில் எழுதும்போது குழந்தைக்குக் குடும்பப் பெயர் ஒன்று வேண்டியிருந்தது. தந்தை பெயர் தெரியாத குழந்தைக்கு அதன் நிலையைக் குறிக்கும் சொல்லே பெயராகிவிட்டது.

சுவரில் இருந்த சுழல் பெட்டி

நேப்பிள்ஸ் நகரில் 14-ஆம் நூற்றாண்டில் தோன்றிய அறநிலையம் அன்னுன்சியாத்தா. கோயில், மருத்துவமனை, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஆகியவை அதில் சேர்ந்திருந்தன. அதன் வெளிச்சுவரில் ஒரு துளையும், துளையினுள் மரத்தாலான சுழல் பெட்டி ஒன்றும் அமைக்கப்பட்டிருந்தன. இதனை 'ருவோத்தா', அஃதாவது சக்கரம், என்றழைத்தனர்.

இரவு நேரத்தில் ஒரு தாய் வருவாள். குழந்தையைப் பெட்டியில் கிடத்திச் சுழற்றுவாள். உள்ளே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வாள். கொடுத்தவள் முகத்தை எடுத்தவள் காணாள். எடுத்தவள் முகத்தைக் கொடுத்தவளும் காணாள். பின்னர்க் குழந்தையின் தோராயமான வயது, அணிந்திருந்த துணி, உடன் வைத்த பொருள் ஆகியவை ஏட்டில் எழுதப்பட்டன. இல்லத்தின் முத்திரை பொறித்த ஈய வில்லை ஒன்று கழுத்தில் கட்டப்பட்டது. இவ்வாறு வந்த குழந்தைகளை நகர மக்கள் 'மாதாவின் பிள்ளைகள்' என்றும் அழைத்தனர். ஏட்டில் எழுதிய பெயர் எஸ்பொசிட்டோ. அன்புடன் அழைத்த பெயர் மாதாவின் பிள்ளை. இகழ்ச்சியும் இரக்கமும் ஒரே குழந்தையின் மேல் படிந்திருந்ததை இவ்விரண்டு பெயர்களும் காட்டுகின்றன.

குழந்தைகளைக் கைவிட்டோர் அனைவரும் மணமாகாத தாய்மார் என எண்ணுவது தவறு. பஞ்சத்தாலும் கூலிக் குறைவாலும் வாடிய தம்பதியரும் தம் குழந்தைகளை இல்லங்களில் விட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிலான் நகர இல்லத்திற்கு வந்த குழந்தைகளுள் மிகப் பலர் மணமான பெற்றோரின் பிள்ளைகளே. நிலைமை சீர்பட்டதும் திரும்பி வந்து குழந்தையை மீட்டவர்களும் உண்டு. அடையாளத்திற்காகச் சிலர் ஒரு நாணயத்தை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையிடம் வைத்து, மறு பாதியைத் தாமே வைத்துக்கொண்டனர். புளோரன்ஸ் நகரின் இன்னொசெந்தி இல்லத்தில் அத்தகைய அடையாளப் பொருள்கள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

நகரந்தோறும் ஒரு பெயர்

இன்னொசெந்தி என்றால் மாசற்றோர் என்பது பொருள். அவ்வில்லத்தின் கட்டடப் பணி 1419-இல் புரூனெல்லெஸ்கி என்னும் புகழ்பெற்ற சிற்பியின் திட்டப்படி தொடங்கிற்று. 1445 பிப்ரவரி 5-ஆம் நாள் அங்கே முதற்குழந்தை ஏற்கப்பட்டது. அது புனித ஆகத்தாவின் திருநாள். ஆதலால் அப்பெண் குழந்தைக்கு ஆகத்தா ஸ்மெரால்தா எனப் பெயரிட்டனர். இவ்வில்லத்தின் வழியே 'இன்னொசெந்தி' என்பதும் குடும்பப் பெயராயிற்று.

உரோமாபுரியில் எறியப்பட்டவர் என்னும் பொருளுடைய 'புரோயெத்தி' வழங்கியது. பொலோனியாவில் 'தெல்யி எஸ்பொஸ்தி' வழங்கியது. மிலானில் மருத்துவமனையின் சின்னமான புறாவைக் குறிக்கும் 'கொலொம்போ' என்ற பெயர் இடப்பட்டது. எனினும் கொலொம்போ என்னும் பெயருடையோர் எல்லாரும் கைவிடப்பட்டோரின் வழியினர் அல்லர். அப்பெயர் வேறு வழிகளிலும் பல இடங்களில் தோன்றியுள்ளது. 1451-இல் ஜெனோவாவில் பிறந்த மாலுமி கொலம்பசின் குடும்பப் பெயரும் அதுவே.

சட்டம் செய்ததும் செய்யாததும்

பெயரைக் கேட்ட அளவிலேயே பிறப்பைக் குத்திக்காட்டும் கொடுமையை ஆட்சியாளரும் உணர்ந்தனர். ஸ்பெயின் நாட்டில் 1794-இல் மன்னர் நான்காம் கார்லோஸ் பிறப்பித்த ஆணை, கைவிடப்பட்ட குழந்தைகளைச் சட்டப்படி பிறந்தோராகவே கருதவேண்டும் என விதித்தது. நேப்பிள்ஸ் அரசில் 1808 முதல் 1815 வரை ஆண்ட முராத் மன்னரின் காலத்தில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்பொசிட்டோ என்று பெயரிடுவது தடுக்கப்பட்டது. அதன்பின் வந்த குழந்தைகளுக்குப் பதிவாளர் தாமே புனைந்த பல்வேறு பெயர்கள் இடப்பட்டன. அன்னுன்சியாத்தாவின் சுழல் பெட்டி 1875-இல் மூடப்பட்டது. புளோரன்சிலும் அதே ஆண்டில் அது நிறுத்தப்பட்டது.

இத்தாலிய அரசு 1955-இல் இயற்றிய சட்டம், அன்றாட ஆவணங்களில் தாய் தந்தையர் பெயரைக் குறிக்கும் வழக்கத்தை நீக்கியது. பெற்றோர் அறியப்படாத குழந்தைக்கு அதன் பிறப்பைக் காட்டும் பெயரை இடலாகாது என்பது 2000-ஆம் ஆண்டின் பதிவு விதிகளிலும் இடம்பெற்றுள்ளது.

சட்டம் புதிய பெயரிடுதலைத் தடுத்ததே அன்றி, முன்னரே அப்பெயரைத் தாங்கியவர்களிடமிருந்து அதனைப் பறிக்கவில்லை. அவர்கள் மணந்தனர், மக்களைப் பெற்றனர், பெயரை வழிவழியாகக் கொடுத்தனர்.

பெயர் பெருகிய காரணம்

பிற குடும்பப் பெயர்கள் பலவும் ஒரு முன்னோரிடமோ ஒரு சில முன்னோர்களிடமோ தொடங்கிப் பெருகியவை. எஸ்பொசிட்டோவுக்கோ சுழல் பெட்டி திரும்பிய ஒவ்வொரு முறையும் ஒரு புதிய முன்னோர் தோன்றினார். ஆகவே அப்பெயருடைய இருவர் சந்தித்தால் அவர்கள் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வாயில் வழியாக நகருக்குள் வந்த பல குடும்பங்களின் பெயர் அது. அத்தகைய இல்லங்களில் வந்த குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டு நிறையுமுன்னரே மாண்ட காலங்களும் இருந்தன. அத்தனை இழப்புக்கும் தப்பியவர்களின் வழியினரே இன்று நேப்பிள்ஸில் முதலிடம் வகிக்கின்றனர்.

கடல்கடந்தும் அப்பெயர் சென்றது. இத்தாலியர் பெருந்திரளாக அமெரிக்கக் கண்டங்களில் குடியேறியபோது எஸ்பொசிட்டோ குடும்பத்தினரும் சென்றனர். கனடாவில் பிறந்த ஃபில் எஸ்பொசிட்டோ, 1968-69 பருவத்தில், வட அமெரிக்காவின் முதன்மையான பனிக்கட்டி ஹாக்கிப் போட்டித்தொடரில் ஒரே பருவத்தில் 100 புள்ளிகளைக் கடந்த முதல் ஆட்டக்காரர் என்னும் பெருமை பெற்றார். தாயகத்திலோ, 1889-இல் அரசி மார்கரீத்தாவுக்கென அவர் பெயரால் பீட்சா செய்தளித்தவர் ரஃபாயேலெ எஸ்பொசிட்டோ என்பது நேப்பிள்ஸ் மக்கள் போற்றிச் சொல்லும் மரபு.

பழியைத் துடைக்கச் சட்டம் முயன்றது, அம்முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் பழியைத் தேய்த்து மறையச் செய்தவர்கள், அப்பெயரை விட்டு ஓடாமல் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வாழ்ந்த எளிய மக்களே. வெளியே வைக்கப்பட்டவன் என்று பொருள்படும் பெயரே இன்று அந்நகரில் மிகுதியாக ஒலிக்கிறது.