தெருவோரத் துணி தேய்ப்புத் தொழில்

தெருவோரத் துணி தேய்ப்புத் தொழில் என்பது தள்ளுவண்டியிலோ மரத்தடி மேசையிலோ பிறர் உடைகளை இசுதிரிப் பெட்டியால் தேய்த்துக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் சுயதொழில் ஆகும். தமிழ்நாட்டு நகரங்களிலும் பேரூராட்சிகளிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே இதனைச் செய்கின்றனர்.

கூலி

முற்காலத்தில் சிற்றூர்களில் உருப்படிக் கணக்கு கிடையாது. வண்ணார் குடும்பங்கள் ஊரார் துணிகளை வெளுத்துக் கொடுத்து, அறுவடையில் தானியமும் அன்றாடம் சோறும் பெற்றன. சாதியை அடிப்படையாகக் கொண்ட அம்முறையில் பேரத்திற்கு இடமில்லை. காசுக்கூலி வந்த பின்னரே விலை என்பது பேசக்கூடிய ஒன்றாயிற்று.

தற்போது சட்டைக்கும் கால்சட்டைக்கும் ஒரு விலையும், சேலைக்கும் கஞ்சியிட்ட வேட்டிக்கும் கூடுதல் விலையும் பெறப்படுகின்றன. ஈரப்பதமுள்ள துணியைத் தேய்க்க நேரமும் கரியும் அதிகம் தேவை. பழனி மலையிலுள்ள பண்ணைக்காடு போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் துணி எளிதில் உலராது. ஆயினும் உருப்படிக் கூலியில் இச்செலவு கணக்கிடப்படுவதில்லை.

போட்டி

ஒருவர் வண்டி நிறுத்திய தெருவில் மற்றவர் நிறுத்துவதில்லை என்பது பல இடங்களில் எழுதப்படாத வழக்கம். எனவே போட்டி விலையைக் காட்டிலும் இடத்திற்கே மிகுதி. புதிதாக வருபவர் உருப்படிக்கு ஒரு ரூபாய் குறைத்தால் சில வீடுகள் கிடைக்கலாம். ஆனால் கரி விலை அவருக்கும் அதுவே என்பதால் அவ்விலை நெடுநாள் நிலைப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இடத்தையும் மின்சாரத்தையும் தரும் குடியிருப்போர் சங்கமே பல நேரங்களில் கூலியையும் முடிவு செய்கிறது. கூலிக்கு உண்மையான உச்சவரம்பு, வீட்டிலுள்ள மின் இசுதிரிப் பெட்டிதான்.

அருகருகே உள்ளவர்கள் பேசிவைத்து ஒரே நாளில் கூலியை உயர்த்துவதும் உண்டு. ஒரே தொழில் செய்வோர் கூடி விலை நிர்ணயிப்பதை 2002 ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3 தடை செய்கிறது. அப்பிரிவில் சிறு தொழிலாளர்களுக்குத் தனி விலக்கு இல்லை. எனினும் நான்கைந்து வண்டிக்காரர்கள் ஒரு ரூபாய் கூட்டுவதைப் பெருநிறுவனங்களின் கூட்டுவிலையோடு ஒப்பிடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

எரிபொருள்

வழமையான பித்தளைப் பெட்டி கரியால் சூடேறுகிறது. அதன் எடை தோள்வலியையும், புகை மூச்சுத் தொல்லையையும் தருகின்றன. எரிவளிப் பெட்டியில் சாம்பல் இல்லை. சூடேறக் காத்திருக்கும் நேரமும் குறைவு. திருவண்ணாமலையைச் சேர்ந்த மாணவி வினிசா உமாசங்கர் கரிக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து, 2020 இல் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசைப் பெற்றார். 2021 இல் கிளாசுகோ காலநிலை மாநாட்டிலும் உரையாற்றினார்.

சட்டப் பாதுகாப்பு

2014 ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெருவில் பொருள் விற்போரை மட்டுமன்றிச் சேவை அளிப்போரையும் உள்ளடக்குகிறது. நகர விற்பனைக் குழுவின் கணக்கெடுப்பில் இடம்பெற்றுச் சான்றிதழ் பெற்றவரை, உரிய அறிவிப்பின்றி அவ்விடத்திலிருந்து அகற்ற இயலாது. வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே தெருவில் இருப்பதால், இடத்தை இழக்கும் தேய்ப்புத் தொழிலாளி அவர்களையும் சேர்த்தே இழக்கிறார்.