நவாபின் மகனுக்கு வந்த முன்னாடை

ராஸ் தீவில் மரவேர்கள் தழுவி நிற்கும் வெள்ளையர் சுவர்களைக் கண்டு பழகியவர் நாம். கப்பலேறிச் சென்னை சென்றால் அவர்தம் கட்டடம் ஒன்றை வேரின்றிக் காணலாம். மெரினாவில் வெண்தூண்களோடு விளங்கும் காவல்துறைத் தலைமையகத்தின் பழம்பகுதியே அது. 1839-இல் ஃபிரீமேசன் என்னும் சகோதரச் சங்கத்தார் கூடுவதற்காக எழுந்தது. 1874-இல் அரசின் உடைமையாயிற்று. 1990-களில் இடிபட இருந்து, வழக்கால் பிழைத்தது. தம் கூட்டத்தை அவர்கள் 'லாட்ஜ்' என்பர். பேருந்து நிலையத்து லாட்ஜோடு அதற்கு உறவில்லை!

இச்சங்கத்தின் சின்னங்கள் பலவும் கொத்தனாரின் கருவிகளே. மூலைமட்டம் நேர்மையையும், மட்டப்பலகை சமத்துவத்தையும் குறிக்கும். கூடத்தின் தரை கருப்பும் வெள்ளையுமான கட்டங்களால் ஆனது. உறுப்பினர் இடுப்பில் அணிவது ஆட்டுக்குட்டித் தோலாலான முன்னாடை. கல்தச்சன் தூசுக்கு அஞ்சிக் கட்டிய அதனைச் சீமான்கள் பட்டு விளிம்பும் சித்திர வேலையும் கூட்டி அணிகலனாக்கிக் கொண்டனர்.

அத்தகைய முன்னாடை ஒன்று தமிழகத்தை நாடியும் வந்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, 1770-களில் திருச்சிராப்பள்ளியில் இச்சங்கத்தில் சேர்ந்தார். இந்தியருள் முதல் மேசன் அவரே என்பர். செய்தியறிந்த இலண்டன் தலைமைச் சங்கம், அழகுற ஒப்பனை செய்த முன்னாடையையும், உயரிய கட்டமைப்புடன் கூடிய தன் சட்டநூலையும் வாழ்த்து மடலோடு அனுப்பிற்று. இளவரசரின் மறுமொழி 1780-இல் இலண்டனை அடைந்தது: பாரசீக மொழியில் எழுதப்பெற்று, பொற்சரிகை உறையில் இடப்பெற்றிருந்தது. ஆங்கில மேசன் என்னும் பெயரைத் தம் மேலான பட்டங்களுள் ஒன்றாக மதிப்பதாக அவர் அதில் தெரிவித்திருந்தார். அந்தச் சொல்லில் பாசாங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1795-இல் அவர் நவாபானார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், அங்குக் கிடைத்த கடிதங்களைக் காட்டி, திப்புவுடன் மறைவில் உறவாடினார் என்று கம்பெனி அவர்மீது பழி சுமத்தியது. 1801 சூலையில் அவர் சாகக் கிடந்தபோது, சேப்பாக்கம் அரண்மனை வாயிலில் கம்பெனிச் சிப்பாய்கள் நின்றனர். 15-ஆம் நாள் உயிர் பிரிந்தது. கம்பெனியின் நிபந்தனைக்கு இணங்காத மகன் அலி உசேன் ஒதுக்கப்பட்டான்; உறவினர் அசீம்-உத்-தௌலாவை நவாபாக்கி, 31-ஆம் நாள் கருநாடக ஆட்சியைக் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது.