பழைய வண்டியும் புதிய ஒளியும்

இருளிற் செல்பவனுக்கு வழி காட்ட ஒரு விளக்கு வேண்டும். எதிரே வருபவனின் கண்ணை அவ்விளக்கு மறைக்காதிருக்கவும் வேண்டும். ஒன்றோடொன்று மாறுபட்ட இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற மனிதன் செய்த முயற்சியே மோட்டார் வண்டி விளக்கின் வரலாறு. ஒளியைப் பெருக்குவது எளிது; அதனை வேண்டிய இடத்திற் பரப்பி, வேண்டாத இடத்தில் அடக்குவதே அரிது.

ஜேர்மனியிலே காள் பென்சு தமது மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றது 1886ஆம் ஆண்டிலாகும். தொடக்க காலத்து வண்டிகள் குதிரை வண்டிகளின் விளக்குகளையே தாங்கி வந்தன. மண்ணெண்ணெயில் எரிந்த அவ்விளக்குகள், வண்டி வருகின்றது என்பதைப் பிறர்க்கு அறிவித்தனவேயன்றி, ஓட்டுபவருக்குப் பாதையைக் காட்டவில்லை. பின்னர் அசற்றிலீன் விளக்கு வந்தது. கல்சியம் காபைட்டின் மீது நீர் துளித்துளியாக விழ, அதனாற் பிறக்கும் வாயு வெண்மையான சுடராக எரிந்தது. காற்றிலும் மழையிலும் ஓரளவு அணையாது நின்றமையால் அது பல்லாண்டுகள் நிலைத்தது. எனினும், ஒவ்வொரு மாலையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, விளக்கை ஏற்ற வேண்டியிருந்தது.

மின்விளக்கு 1898ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கொலம்பியா மின்வண்டியில் தோன்றியதாயினும், வண்டியின் அதிர்ச்சியைத் தாங்கும் இழையும், ஓடும்போதே மின்னை ஆக்கும் சிறிய தைனமோவும் அமையும் வரை அது பரவவில்லை. சாள்சு கெற்றரிங் என்பவரின் முயற்சியால் 1912ஆம் ஆண்டின் கடிலாக் வண்டி மின்தொடக்கியையும் மின்விளக்கையும் ஒருங்கே பெற்றது. அடுத்த ஆண்டில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் விளக்கு, தைனமோ, சீராக்கி ஆகியவற்றை ஒரே தொகுதியாக அளித்தது.

இனி, அவ்விளக்கின் அமைப்பை நோக்குவோம். அதன் பின்புறத்தில் இருப்பது பரவளைவு வடிவான ஆடி. அந்த ஆடிக்குக் குவியம் என ஒரு புள்ளி உண்டு. அப்புள்ளியில் இழை ஒளிர்ந்தால், ஆடியிற் பட்ட கதிர்கள் யாவும் சமாந்தரமாக முன்னே செல்லும். முன்புறக் கண்ணாடியிற் காணப்படும் வரிகளும் பட்டைகளும் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. அக்கதிர்களை இடமும் வலமும் விரித்துப் பாதையிற் பரப்புவதற்காகக் கணக்கிட்டு வார்க்கப்பட்டவை. இழை தன் இடத்திலிருந்து சிறிது விலகினாலும் இக்கணக்குப் பிழைத்துவிடும்.

இந்த நுட்பமே எதிரே வருபவரின் கூச்சத்தைத் தணிக்கவும் பயன்பட்டது. 1920களின் நடுப்பகுதியில் ஒஸ்ராம் நிறுவனம் வெளியிட்ட ‘பிலக்ஸ்’ என்னும் மின்குமிழில் இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று குவியத்தில் நின்று தொலைவுக்கு ஒளி தந்தது. மற்றையது குவியத்திற்குச் சற்று முன்னே, கீழ்ப்புறத்தில் ஒரு சிறு மறைப்போடு அமைந்தது. ஆகவே அதன் ஒளி ஆடியின் மேற்பாதியில் மாத்திரம் பட்டுத் தாழ்ந்து வீழ்ந்தது. அமெரிக்கா வேறொரு வழியை நாடியது. 1940ஆம் ஆண்டின் வண்டிகள் தொடக்கம், இழையும் ஆடியும் கண்ணாடியும் ஒன்றாக அடைக்கப்பட்ட ஏழு அங்குல விளக்கு அங்கே பொது விதியாயிற்று. ஐரோப்பாவோ 1950களின் பிற்பகுதியில், தாழ்ந்த ஒளியின் ஒரு பக்கத்தை மாத்திரம் சற்று உயர்த்தி, பாதையோரத்தைக் காட்டும் முறையை ஏற்றது. இடப்புறமாகச் செல்லும் இலங்கை போன்ற நாடுகளில் அவ்வுயர்வு இடப்பக்கத்தில் அமையும்.

விளக்கைப் பற்றிய சட்டம் வண்டியின் முகத்தையே மாற்றியதுமுண்டு. அலெக் இசிகோனிசு வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிசு மைனர் வண்டியில், முன்விளக்குகள் முதலிற் கீழே, முன்கிராதியை ஒட்டி இருந்தன. விளக்கின் உயரம் பற்றிய அமெரிக்க விதிகளுக்கு இணங்கவே அவை பின்னர் மட்காப்புகளின் மேல் ஏறின. இலங்கையின் வீதிகளில் இன்றும் காணப்படும் அவ்வண்டியின் அகன்ற விழிப்பார்வை இவ்வாறு பிறந்ததேயாம்.

1962இல் ஐரோப்பாவில் அலசன் வாயு அடைத்த மின்குமிழ் வந்தது. 1971இல் இரண்டு இழைகள் கொண்ட ‘எச் 4’ அதனைத் தொடர்ந்தது. அதே 1962ஆம் ஆண்டில் நிக் ஹொலொனியாக் என்னும் அமெரிக்க அறிஞர் செந்நிற ஒளிகாலும் இருவாயியைப் படைத்தார். நீல ஒளி தருவதைப் படைத்த அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நீல ஒளியே வெண்ணிற ஒளிக்கு வழி திறந்தது. 2007இல் லெக்சஸ் வண்டியொன்றின் தாழ்ந்த ஒளி விளக்கில் அது இடம் பெற்றது. ஆனால் அவ்விளக்கின் ஆடியும் வில்லையும் அப்புதிய ஒளிக்கென்றே வகுக்கப்பட்டவை என்பதை மறத்தலாகாது.

பழைய வண்டியைப் பேணுவோர் இப்புதிய மின்குமிழை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. அது குறைந்த மின்னையே உண்ணும். எனவே முதுமையடைந்த தைனமோவுக்கும் கம்பிகளுக்கும் சுமை குறையும். ஆயினும் இடர் ஒன்று உளது. இழை பெரும்பாலும் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சொரியும். இருவாயியோ ஒரு தட்டையான முகத்திலிருந்து முன்னோக்கியே ஒளியைக் காலும். முன்னோக்கி மாத்திரம் ஒளிரும் குமிழைப் பின்விளக்கிற் பொருத்தினால், ஆடி இருண்டு கிடக்க, நடுவே ஒரு புள்ளி மாத்திரம் பளிச்சிடும். மானிப் பலகையிலோ, வேகமானியின் ஒரு மூலை ஒளிர்ந்து, ஏனைய எண்கள் இருளில் மறையும்.

இதற்குப் பரிகாரம் ஒளியை மேலும் கூட்டுவதன்று, அதனைப் பரப்புவதேயாகும். பின்விளக்குக்கும் மானிக்கும் பக்கவாட்டிலும் ஒளிரும் இருவாயிகள் கொண்ட குமிழோ, பனிபடர்ந்தாற்போன்ற மூடியுடைய குமிழோ பொருந்தும். மானிக்கூட்டின் உட்புறத்துக்கு வெள்ளைப் பூச்சிடின் ஒளி சிதறிச் சமமாகப் பரவும். செந்நிறக் கண்ணாடிக்குப் பின்னே செந்நிற இருவாயியே சிறந்தது. வெண்ணிற இருவாயியின் ஒளியிற் செம்மை குறைவு. முன்விளக்கில், இழை இருந்த அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவில் இருவாயிகள் அமைதல் வேண்டும். தாழ்ந்த ஒளிக்குரிய மறைப்பும் தன் இடத்தில் இருத்தல் வேண்டும். குமிழின் அடியிற் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியும் வேண்டும்.

வேறிரு செய்திகளும் கவனிக்கற்பாலன. பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மின்கலவடுக்கின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இழைக்கு அது பொருட்டன்று. இருவாயியோ மின்னை ஒரு திசையிலேயே செல்லவிடும். ஆதலின் அதற்கேற்ற குமிழையே தெரிதல் வேண்டும். மேலும், திரும்பும் குறியை மினுக்கும் பழைய கருவி மின்னோட்டத்தின் வெப்பத்தால் இயங்குவது; சிறிய மின்னோட்டத்தில் அது செவ்வனே மினுக்காது. அக்கருவியையும் மாற்றுதல் வேண்டும்.

பிரித்தானியாவின் வாகனப் பரிசோதனை 2021இல், அலசன் விளக்குக்கூட்டில் இருவாயிக் குமிழ் பொருத்துவதைக் குறையாகக் கொண்டது. ஆனால் 1986 ஏப்பிரில் முதலாந் திகதிக்கு முன் பாவனைக்கு வந்த வண்டிகளுக்கு அதிலிருந்து விலக்களித்தது. சட்டம் விலகி நின்ற அவ்விடத்திற் பொறுப்பு வண்டியாளரின் மனச்சாட்சியைச் சேர்ந்தது. இரவில் வண்டியை வெண்சுவரொன்றின் எதிரே நிறுத்தி, தாழ்ந்த ஒளியை ஏற்றிப் பார்த்தால் உண்மை புலனாகும். ஒளியின் மேல்விளிம்பு தெளிவாக வெட்டினாற்போல் நின்றால் நன்று. சுவர் முழுவதும் சிதறினால், ஓட்டுபவருக்கு வெளிச்சம் மிகுந்ததாகத் தோன்றினும், எதிரே வரும் மிதிவண்டிக்காரனுக்கு அது இருளேயாகும்.

அசற்றிலீன் சுடரிலிருந்து இருவாயி வரை ஒளி ஊட்டும் பொருள்கள் பல மாறின. பரவளைவின் விதி மாறவில்லை. பாதையிற் செல்லும் பிறருக்குச் செய்ய வேண்டிய கடமையும் மாறவில்லை.