டங்ஸ்டன் ஏலமும் பட்டா இல்லாதவர்களும்: அரிட்டாபட்டியை முன்வைத்து

2024 நவம்பர் 7 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் வெளியிட்ட ஏல முடிவில், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்திற்குச் சென்றது. பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நாயக்கர்பட்டி, எட்டிமங்கலம், அ.வல்லாளப்பட்டி உள்ளிட்ட ஊர்கள் அந்த எல்லைக்குள் வந்தன. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் 2022 நவம்பரில்தான் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஏல வரைபடத்தை வகுத்தவர்களுக்கு அது தடையாகத் தோன்றவில்லை.

டங்ஸ்டனை இவ்வளவு அவசரமாகத் தேடுவது ஏன்? உலோகங்களிலேயே மிக உயர்ந்த உருகுநிலை, 3,422 டிகிரி செல்சியஸ், இதனுடையது. வெட்டுக்கருவிகள், துளையிடும் முனைகள், கவசம் துளைக்கும் குண்டுகள் ஆகியவற்றுக்கு இது தேவை. உலக உற்பத்தியில் ஏறத்தாழ 80 விழுக்காடு சீனாவின் கையில் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் வரிவிதிப்புக்குப் பதிலடியாகச் சீனா டங்ஸ்டன் உள்ளிட்ட ஐந்து உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2023 சூனில் அமெரிக்கா தலைமையிலான கனிமப் பாதுகாப்புக் கூட்டணியில் அது சேர்ந்ததும், 2025 சனவரியில் 16,300 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்ததும் இந்தப் பின்னணியில்தான். அச்சம் பொய்யானதன்று. அதற்கான விலையை எவரிடம் வசூலிப்பது என்பதில்தான் நமக்கு வழக்கு.

டங்ஸ்டன் தாதுவில் உலோகத்தின் பங்கு பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சில கிலோ. மீதமனைத்தும் கழிவுக்குவியலாக ஊரோடு நிற்கும். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் ஓடைகள் பாறைச் சரிவுகளில்தான் தொடங்குகின்றன. மேலூர் மக்களுக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை. கிரானைட் குவாரிகள் கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் என்ன செய்தன என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் எனக் கணக்கிட்டிருந்தார்.

2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் ஒப்படைத்தது. வருவாய் மட்டும் மாநிலத்துக்கு. 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஒருமனதாக எதிர்த்தது. 2025 சனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தனர். சனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

இது வெற்றி, கொண்டாடத்தக்கது. ஆயினும் அப்போராட்டத்தின் மொழி பெரும்பாலும் நிலவுடைமையாளரின் மொழியாக இருந்தது என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும். "எங்கள் நிலம்" என்று சொல்லப் பட்டா வேண்டும். அடுத்தவர் வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தலித் பெண்ணுக்கும், புறம்போக்கில் ஆடு மேய்ப்பவருக்கும் அந்தச் சொல் வாய்க்கவில்லை. கனிமச் சட்டத்தின் 24ஏ பிரிவு, நிலத்தின் மேற்பரப்பை அனுபவிப்பவருக்கே இழப்பீடு என்கிறது. கூலிக்கு வேலை செய்பவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்த விவசாயத் தொழிலாளரையும் குத்தகையாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என ஏற்கிறது. ஆனால் நிலம் எந்த வழியில் பெறப்படுகிறது என்பதைப் பொறுத்தே அக்கதவு திறக்கும். 1892இல் திரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் கைமாறிப்போன வரலாற்றையும் இத்துடன் சேர்த்தே படிக்க வேண்டும். பட்டா இல்லாமை தற்செயலன்று.

பழங்குடி மக்களுக்கு ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்குச் சிறப்பு அதிகாரம் உண்டு. தமிழகத்தில் அத்தகைய பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. சமவெளித் தலித்துகளுக்கு எங்கும் அப்படியொரு அரண் இல்லை. இங்கே கிராம சபைத் தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. அச்சபையிலும் யார் தலைமை ஏற்கலாம், யார் எழுந்து பேசலாம் என்பதற்கு இதே மேலூர் வட்டத்து மேலவளவு 1997இல் விடை கண்டது: தனித்தொகுதியில் வென்ற தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

எஞ்சியிருந்த மேடை, 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொது விசாரணை. நிலமற்றவரும் அங்கே மனு கொடுக்கலாம், பேசலாம், அது பதிவாக வேண்டும். 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை மூலம் அணுக்கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களைப் பொதுமக்கள் கலந்தாய்விலிருந்து விடுவித்தது. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கோரும் 1,144 ஹெக்டேர் கடற்கரை மணல் சுரங்கம் போன்றவை இனி இவ்விலக்கின் நிழலில்தான் ஆராயப்படும். ஏலத்தில் போன சுரங்கங்கள் உரிமத்தொகையில் 10 விழுக்காட்டை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும் என்பது விதி. சுரங்கம் வேலையைத் தொடங்கிய பிறகே அந்தப் பணமும் வரும்.

மாணவத் தோழர்களும் செயற்பாட்டாளர்களும் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குத்தகை, வாரம், கூலி, மேய்ச்சல் ஆகியவற்றால் வாழும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலையும், ஊரிலுள்ள பஞ்சமி நிலங்களின் புல எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். அடுத்த ஏல அறிவிப்பு வந்த பின் அந்தப் பட்டியலைத் தயாரிக்க அவகாசம் இருக்காது.