காலிக் கட்டத்தின் கதை

கணக்கைப் படமாக்கிக் காட்டும் மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ மென்பொருளுக்கு மாதம் ஒரு புதுப்பிப்பு வரும். 2015 ஜூலையில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். புதுப்பிப்போடு, என்னென்ன வசதிகள் சேர்ந்திருக்கின்றன என்று நீளமாக ஒரு பட்டியலும் வரும். எங்கள் அலுவலகத்துப் பிள்ளைகள் அதைத் தீபாவளி மலர் புரட்டுவதுபோல ஆசையாகப் புரட்டுவார்கள். நான் படிக்கும் விதம் வேறு. கோயம்புத்தூர் மில் ஒன்றின் கணக்குப் பிரிவில் கிராஃப் தாளில் கோடு போட்டுப் பழகி, கணக்கைப் படமாக்கும் இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். புது வசதி எதைப் பார்த்தாலும், இதை முன்பு யார் எதை வைத்துச் செய்தார்கள் என்றுதான் மனம் ஓடும். பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதலில் நிற்பவை கோடு, பட்டை, வட்டம். மூன்றையும் புள்ளிவிவரத்துக்குப் பழக்கியவர் ஒரே ஆள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர், பர்மிங்காமில் நீராவி எஞ்சின் செய்த ஜேம்ஸ் வாட்டிடம் டிராயிங் போடும் வேலை பார்த்தவர். 1786-இல் அவர் வெளியிட்ட ‘கமர்ஷியல் அண்ட் பொலிட்டிக்கல் அட்லஸ்’ நூலில் 44 படங்கள் இருந்தன. பெயர்தான் அட்லஸ். உள்ளே இருந்தது வியாபாரக் கணக்கு. டென்மார்க், நார்வேயுடன் இங்கிலாந்து செய்த வியாபாரத்தைக் காட்டும் படம் ஒன்று உண்டு. 1700 முதல் 1780 வரை இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. முதலில் இறக்குமதி மேலே ஓடுகிறது. இடைப்பட்ட பகுதி இங்கிலாந்துக்குப் பாதகம். பிறகு இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. அதன் பின் ஏற்றுமதி மேலே போக, இடைவெளி சாதகமாகிறது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, இரண்டு பகுதிக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். எண்பது வருடப் பேரேட்டை ஒரே பார்வையில் முடித்துவிடலாம்.

நூலின் 43 படங்களும் இப்படி ஆண்டுகளின் ஓட்டத்தைக் காட்டுபவை. மிச்சமிருந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ஸ்காட்லாந்தின் வியாபாரத்துக்கு அவர் கையில் ஒரே ஒரு வருடக் கணக்குத்தான் இருந்தது: 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை. ஒரு வருடத்தை வைத்துக் கோடு எப்படி இழுப்பது? அதனால் 17 நாடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஏற்றுமதிக்கு ஒரு பட்டை, இறக்குமதிக்கு ஒரு பட்டை வரைந்தார். காலத்தைக் காட்டாத இந்தப் படம் மற்றவற்றைவிடப் பயன் குறைந்தது என்று அவரே நூலில் எழுதிவைத்தார். இன்று உலகமெங்கும் அலுவலகங்களில் நிற்கும் பட்டைப் படம், கணக்குப் போதாமல் பிறந்த பிள்ளை. கணக்கு போதவில்லை என்பதைப் பிளேஃபேர் மறைக்கவில்லை. 1801-இல் வேறொரு நூலில் வட்டத்தைக் கூறுபோட்டு, துருக்கியப் பேரரசின் நிலம் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவில் எவ்வளவு என்று காட்டினார்.

பவர் பிஐயில் 2020 டிசம்பரில் ‘ஸ்மால் மல்டிபிள்ஸ்’ வந்தபோது எங்கள் பிள்ளைகள் குதித்தார்கள். ஒரே மாதிரிச் சிறு படத்தை ஊருக்கு ஒன்றாகக் கட்டம் கட்டி அடுக்கிக் காட்டும் வசதி அது. அமெரிக்காவின் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஃபிரான்சிஸ் வாக்கர், 1874-இல் வெளியான புள்ளிவிவர அட்லஸில் மாநிலத்துக்கு ஒரு கட்டமாக இதையே செய்திருக்கிறார்.

‘ஸ்மால் மல்டிபிள்ஸு’க்கு ஒரு வருடம் முன்பு பவர் பிஐயில் வந்த ‘டீகம்போசிஷன் ட்ரீ’யின் கதை இன்னும் சுவையானது. லாபம் ஏன் குறைந்தது என்று ஒரு எண்ணைத் தட்டினால் அது கிளை கிளையாகப் பிரிந்து காரணத்தைக் காட்டும். இந்தப் பழக்கம் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் முதல் உலகப்போர்க் காலத்திலேயே தொடங்கிவிட்டது. டொனால்ட்சன் பிரவுன் என்ற நிதி அதிகாரி, முதலீட்டின் மீதான வருவாயை இரண்டாக உடைத்தார்: விற்பனையில் லாபம் எத்தனை சதவீதம், போட்ட முதல் எத்தனை முறை சுழன்றது. இரண்டையும் பெருக்கினால் வருவாய் விகிதம் கிடைத்துவிடும். பிறகு லாபத்தைச் செலவு வகைகளாகவும், முதலீட்டை இருப்பு, வரவேண்டிய பாக்கி, இயந்திரம் என்றும் உடைத்துக்கொண்டே போகலாம். வில்மிங்டன் நகரத் தலைமையகத்தில் இதற்கென்றே ஒரு அறை இருந்தது. ஏறத்தாழ 350 பெரிய படங்கள், கூரையில் ஓடும் தண்டவாளத்தில் தொங்கும். நிர்வாகக் குழு எந்தப் பிரிவைக் கேட்கிறதோ அதன் படத்தை உருட்டி முன்னால் கொண்டுவருவார்கள். நாம் டாஷ்போர்டு என்று சொல்வது அந்த அறையைத்தான். தண்டவாளம் போய் மவுஸ் வந்திருக்கிறது.

எங்கள் மில்லில் தண்டவாளம் இல்லை, ஆணி இருந்தது. ஜி.எம். அறைச் சுவரில் மாதாந்திர ரிவியூவுக்கு ஐந்தாறு படங்கள் மாட்டுவோம்: ஷிப்ட் வாரியாக உற்பத்தி, கழிவுப் பஞ்சு, நாற்பதாம் நம்பர் நூலின் விலை. ரோட்ரிங் பேனாவால் கோடு, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம். ஸ்ட்ரைக் நடந்த மாதத்தில் கோட்டை அறுத்துவிட்டு, இடைவெளியில் பென்சிலால் ‘ஸ்ட்ரைக்’ என்று எழுதச் சொன்னவர் எங்கள் சீனியர் அக்கவுண்டன்ட். “கோட்டைச் சேர்த்துப் போட்டா மில் ஓடுச்சுன்னு அர்த்தம்மா. பூஜ்யம் போட்டா ஆளுங்க வந்து சும்மா உக்காந்திருந்தாங்கன்னு அர்த்தம். ரெண்டும் பொய்” என்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதில் லோட்டஸ் 1-2-3. அமெரிக்காவில் 1983 தொடக்கத்தில் வெளியான மென்பொருள். எங்களிடம் வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. 1979-இல் வந்த விசிகால்க், கணக்குத் தாளைத் திரைக்குக் கொண்டுவந்தது என்றால், லோட்டஸ் அதோடு படத்தையும் சேர்த்தது. சாய்கோட்டுப் பொத்தானைத் தட்டி ஜி என்று அடித்தால் படத்துக்கான மெனு வரும். கோடு, பட்டை, அடுக்குப் பட்டை, வட்டம், எக்ஸ்-ஒய் என ஐந்தே வகை. எண்ணை மாற்றிவிட்டு எஃப்10-ஐ அழுத்தினால் படம் தானே மாறி நிற்கும். கையால் வரைந்தவர்களுக்கு அது கண்கட்டு வித்தை. ஆனால் படத்தை அச்சிட, கோப்பாகச் சேமித்து, 1-2-3-ஐ விட்டு வெளியே வந்து, பிரிண்ட்கிராஃப் என்ற தனி நிரலைத் திறக்க வேண்டும்.

1993-இல் எக்செல் 5-உடன் பிவட் டேபிள் வந்தது. ஊர் வாரியாக இருந்த கணக்கை ரகம் வாரியாகத் திருப்ப, அதற்குமுன் ஒரு பிற்பகல் போய்விடும். அதன்பின் இழுத்துப் போட்டால் போதும். 2003-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த டேப்லோ, இழுத்துப் போடுவதையே படம் வரையும் முறையாக்கியது. இந்த வகைக் கணக்குக்கு இந்தப் படம்தான் பொருந்தும் என்று மென்பொருளே சொல்லும் ‘ஷோ மீ’ வசதி அதில் வந்தது. அதன் பின்னால் இருந்தது ஜாக் மெக்கின்லே 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த முனைவர் பட்ட ஆய்வு. எந்தப் படம் போடுவது என்று யோசிக்கும் வேலையில் ஒரு பங்கு அன்றைக்கே மென்பொருளிடம் போய்விட்டது. கேள்வியை வாக்கியமாகத் தட்டினால் படம் வரும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2013-இல் காட்டியது. 2023-இல் அறிவித்த கோபைலட் என்ற ஏஐ உதவியாளர், அறிக்கையின் பக்கத்தையே வரைந்து சுருக்கமும் எழுதிவிடுகிறது.

இருநூற்றைம்பது வருடத்தை நெருங்கும் இந்த வரலாற்றில் ஒவ்வொரு புது வசதியும் கை வேலையைக் குறைத்தே வந்திருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. வண்ணம் தீட்டிய விரல்வலி எனக்குத் தெரியும். ஆனால் கை வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு வேலையும் சேர்ந்து போயிற்று. கணக்கு இல்லாத இடத்துக்கு வந்ததும் பேனா நிற்கும். நின்றால் யோசித்தே ஆகவேண்டும். மென்பொருள் நிற்பதில்லை.

எக்செல்லில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. படத்துக்கான கணக்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், காலிக் கட்டங்களை என்ன செய்வது என்று கேட்டு மூன்று வழி காட்டும்: இடைவெளி விடு, பூஜ்யமாக்கு, கோட்டால் இணை. எங்கள் சீனியர் சொன்ன மூன்றும் அப்படியே. பவர் பிஐயில் தேதி அச்சைத் தொடர்ச்சியாக வைத்தால், விட்டுப்போன நாட்களைத் தாண்டிக் கோடு தானாக ஓடிவிடும். 2008-க்குப் பிறகு கோவையில் மின்வெட்டும் வாராந்திர பவர் ஹாலிடேயும் வாட்டிய வருடங்களின் உற்பத்தியை அண்மையில் ஒரு பெண் படமாக்கிக் காட்டினாள். வழவழவென்று ஒரே கோடு. மில் நின்ற நாள் ஒன்றுகூட அதில் தெரியவில்லை. இந்த நாட்களின் கணக்கு எங்கே என்று கேட்டேன். “டேட்டாவே இல்ல மேடம்” என்றாள். அந்த மூன்று வார்த்தைக்குள்தான் அன்றைய கோவையின் பாதிக் கதை இருக்கிறது என்று சொல்லி, மின்வாரிய அட்டவணைப்படி நாட்களைக் குறித்து, கோட்டை அறுக்கவைத்தேன்.

அதனால் புதுப்பிப்புப் பட்டியல் வந்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: காலிக் கட்டத்தை இந்தப் பதிப்பு என்ன செய்கிறது? புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு என் முதல் பாடமும் அதுதான். கோபைலட்டிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், இருக்கிற கணக்கை உங்களைவிட வேகமாகப் படமாக்கும். எந்த மாதம் விட்டுப்போயிருக்கிறது, ஏன் விட்டுப்போயிற்று என்பதை ஸ்டோர் கீப்பரிடமும் ஷிப்ட் சூப்பர்வைசரிடமும் போய்க் கேட்டு வந்து, படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.