கஹவாய் மீனும் கோட்டா வழக்கும்



'கோட்டா' என்னும் சொல்லை நம் மலேசியத் தமிழர்க்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு முடிவு வெளியாகும் காலத்தில் நம் வீடுகளில் மிகுதியாக ஒலிக்கும் சொற்களுள் அதுவும் ஒன்று. ஆனால் கடலில் நீந்தும் மீனுக்கும் கோட்டா உண்டு என்றும், அதன் பங்கீடு நேர்மையற்றது எனத் தூண்டில் பிடிக்கும் எளிய மக்கள் ஒன்றுகூடி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றனர் என்றும் சொன்னால், பலர் வியப்படைவர். நியூசிலாந்தில் நிகழ்ந்த அவ்வரலாற்றை இப்பதிவில் எழுத விழைகிறேன். வார இறுதிகளில் தூண்டிலோடு கடற்கரைக்குச் செல்லும் என் சக ஆசிரியர் ஒருவர், "மீன் பிடிப்பதில் என்ன வரலாறு இருக்கிறது, சார்?" என்று கேட்டார். அவருக்கான விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

கோட்டா பிறந்த கதை

1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் நியூசிலாந்தின் கரையோரக் கடலில் மீன்வளம் வெகுவாகக் குன்றியது. படகுகள் பெருகின, மீன் அருகியது. இதற்குத் தீர்வாக 1986-ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு கோட்டா மேலாண்மை முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மீனினத்திலும் ஆண்டுக்கு இத்தனை டன் மட்டுமே வணிக நோக்கில் பிடிக்கலாம் என வரையறுத்து, அவ்வளவைத் தொழில்முறை மீனவர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. அக்கோட்டாவை நிலம்போல விற்கலாம், வாங்கலாம். உலகின் பிற நாடுகள் உற்று நோக்கிய முறை அது.

யாருக்கு எவ்வளவு என்பதை எதைக்கொண்டு முடிவு செய்தார்கள்? முந்தைய ஆண்டுகளில் அவரவர் பிடித்த அளவைக்கொண்டு. மிகுதியாகப் பிடித்தவர்க்கு மிகுதியான பங்கு கிடைத்தது. பகுதிநேர மீனவர்கள் 1983-ஆம் ஆண்டிலேயே தொழிலிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் மாவோரி மக்கள் பலர். குடும்ப உணவுக்காகவும் ஓய்வுக்காகவும் தூண்டில் போடுவோர்க்குப் பிடிப்புக் கணக்கு என்ற ஒன்றே இல்லை. கரையில் நின்று இரண்டு மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் எந்த ஏட்டில் எழுதிவைப்பார்? ஏட்டில் இல்லாதவர் பங்கீட்டிலும் இடம் பெறவில்லை.

இக்குறையை உணர்ந்த மீன்வள அமைச்சர் காலின் மாய்ல், 1989-ஆம் ஆண்டு ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டார். ஒரு மீனினம் இருசாரார்க்கும் போதாத நிலை ஏற்பட்டால், வணிகம் சாராத மீன்பிடிப்புக்கே முன்னுரிமை என்பது அதன் சாரம். தூண்டில்காரர்கள் அதனை 'மாய்லின் வாக்குறுதி' என்று இன்றளவும் குறிப்பிடுகின்றனர். ஆயினும் அக்கொள்கை சட்டமாக எழுதப்படவில்லை. பின்வந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து இதுவே.

இரு தட்டுத் தராசு

வடகிழக்குக் கரையின் ஸ்னாப்பர் மீன் கதையைப் பாருங்கள். ஆக்லாந்து நகரத்தார் பெரிதும் விரும்பும் மீன் அது. வளம் குன்றியதால் 1995-ஆம் ஆண்டு இரு சாராரின் பிடிப்பையும் குறைக்க அமைச்சர் டக் கிட் முடிவு செய்தார். தூண்டில்காரர் ஒருவர் ஒருநாளில் பிடிக்கத்தக்க மீன்களின் எண்ணிக்கை 15-இலிருந்து 9-ஆகக் குறைந்தது. வணிகக் கோட்டாவை 4,938 டன்னிலிருந்து 3,000 டன்னாகக் குறைப்பதும் அம்முடிவின் பகுதி.

நிகழ்ந்தது என்ன? தூண்டில்காரரின் குறைப்பு உடனே நடைமுறைக்கு வந்தது. வணிகத் தரப்போ நீதிமன்றம் சென்றது. வழக்கு நடந்த ஈராண்டும் பழைய கோட்டாவே நீடித்தது. 1997-இல் அது 4,500 டன் என மாற்றப்பட்டது. 3,000 டன் என்பது நிறைவேறவே இல்லை. சட்டத்தரணிகளை அமர்த்தும் வலிமை உடையவர் தம் பங்கைக் காத்துக்கொண்டனர். அமைப்பும் பணமும் இல்லாதவர் சொன்னபடி குறைத்துக்கொண்டனர்.

நான்காவது வழி

2000-ஆம் ஆண்டு, பொழுதுபோக்கு மீன்பிடிப்பின் எதிர்காலத்தை வரையறுக்க ஒரு கலந்தாய்வு ஆவணம் வெளியிடப்பட்டது. அதில் மூன்று தெரிவுகள் தரப்பட்டிருந்தன. மொத்த வளத்தில் மக்களுக்கென ஒரு விழுக்காட்டை நிலையாக வரையறுப்பது அவற்றுள் ஒன்று. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வளம் ஏற்கெனவே குன்றியிருக்கும் வேளையில் விழுக்காட்டை உறுதி செய்தால், அக்குறைவும் நிலைத்துவிடும் அன்றோ? மக்கள்தொகை பெருகினும் பங்கு பெருகாது. கடலில் தூண்டில் போட உரிமம் கேட்கும் நாளும் வரலாம் என்ற அச்சமும் எழுந்தது.

மூன்று தெரிவுகளையும் மறுத்து, "நான்காவது ஒன்று வேண்டும்" என்று சிலர் முன்வந்தனர். அவர்கள் இயக்கத்தின் பெயரே 'ஆப்ஷன்-4' ஆயிற்று. உணவுக்காக மீன் பிடிக்கும் மக்களுக்குச் சட்டத்தில் முன்னுரிமை வேண்டும். உரிமக் கட்டணம் கூடாது. எதிர்காலத் தேவைக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என அவர்கள் கோரினர். தூண்டிற்கடைகளிலும் படகுத்துறைகளிலும் படிவங்களை வைத்துக் கையொப்பம் திரட்டினர். 60,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் அரசிடம் குவிந்தன. அன்று ஏறத்தாழ 38 இலட்சம் மக்கள் வாழ்ந்த சிறு நாட்டில் இது எளிய எண்ணிக்கையன்று. நியூசிலாந்தில் கடலில் தூண்டில் போட இன்றும் உரிமம் தேவையில்லை.

கஹவாய் வழக்கு

கஹவாய் என்பது விலை மலிந்த மீன். கூட்டமாக நீரின் மேற்பரப்பில் திரியும். ஆற்று முகத்துவாரங்களுக்கு வரும். படகில்லாத ஏழையும் கரையில் நின்றே பிடிக்கலாம். சிறுவர்கள் முதன்முதலில் பிடித்துப் பழகும் மீனும் அதுவே. மோட்டு ஆற்று முகத்துவாரத்தில் அதனைப் பிடிப்பது அங்குள்ள மாவோரி மக்களின் வழிவழி வந்த மரபு.

1970-களின் நடுவிலிருந்து சூரை மீனுக்காகச் சுருக்குமடி வலையோடு வந்த பெருங்கப்பல்கள், சூரை கிடைக்காத பருவத்தில் கஹவாய் மீனை வளைத்தன. மேலே பறக்கும் சிறு விமானங்கள் மீன் கூட்டத்தைக் கண்டு வழிகாட்டின. அவ்வாறு பிடித்தவற்றில் ஒரு பகுதி சிங்கி இறால் கூடுகளுக்கு இரையாகச் சொற்ப விலைக்கு விற்கப்பட்டது. கரையில் நின்றவர்களோ தூண்டில் வெறுமனே திரும்புவதைக் கண்டனர்.

2004-ஆம் ஆண்டு அக்டோபரில் கஹவாய் கோட்டா முறைக்குள் கொணரப்பட்டது. பங்கீட்டுக்கு அடிப்படை மீண்டும் அண்மைக்காலப் பிடிப்பளவே. இங்குதான் மக்களின் மனக்குறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பெருவலைகள் வாரியதால் கரையில் மீன் குறைந்தது. மீன் குறைந்ததால் தூண்டில்காரர் பிடித்ததும் குறைந்தது. அவ்வாறு குறைந்த பிடிப்பே அவர்களின் 'தேவை' எனக் கணக்கிடப்பட்டது. வளத்தைக் குன்றச் செய்தவர்க்கு அச்செயலே பங்கைப் பெற்றுத் தந்தது. பொறுத்துக்கொண்டவர்க்கு அப்பொறுமையே இழப்பாயிற்று. அடுத்த ஆண்டு இரு சாரார்க்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைக்கப்பட்டது. இதனைச் சமநீதி என்று அரசு கருதியது. தொடக்கமே சமமற்றிருந்தால், சமமாகக் குறைப்பது எங்ஙனம் நீதியாகும் என்று மக்கள் கேட்டனர்.

2005-இல் பொழுதுபோக்கு மீன்பிடிப்போர் மன்றமும் பெருமீன் விளையாட்டுச் சங்கமும் வழக்குத் தொடுத்தன. பொதுமக்களிடமும் தூண்டிற் சங்கங்களிடமும் நன்கொடை திரட்டினர். மாவோரி இனக்குழுக்களுள் பெரியதான ந்காபுஹி அவர்களோடு கைகோத்தது. 1992-ஆம் ஆண்டு உடன்பாட்டின்வழி மாவோரிகளுக்கு வணிகக் கோட்டாவில் பங்குண்டு. சடங்குகளுக்காகப் பிடிக்கும் மரபுரிமையும் உண்டு. ஆயினும் அன்றாடக் குழம்புக்காக மீன் பிடிக்கும் மாவோரி குடும்பம் சட்டத்தின் பார்வையில் 'பொழுதுபோக்கு' மீனவரே. பசிக்குப் பிடிப்பதைப் பொழுதுபோக்கு என்று பெயரிட்டதே ஒரு வரலாற்றுப் பிழை என்பது என் எண்ணம்.

2007-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் மக்கள் பக்கம் அமைந்தது. மக்களின் சமூக, பொருளியல், பண்பாட்டு நலனை 1996-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வலியுறுத்துகிறது. அதனை அமைச்சர் தக்கவாறு கருதவில்லை என அது கூறியது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியை மாற்றியது. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கியது. வணிகக் கோட்டாவை நிர்ணயிக்கும்போது பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு அமைச்சர் இடமளித்தே ஆக வேண்டும். ஆனால் எவருக்கும் முன்னுரிமை தருமாறு சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து. தலைமை நீதிபதி டேம் சியான் எலியாஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். வழக்கு தோற்றது. இருபதாண்டுக்கு முந்தைய வாக்குறுதி, சட்டத்தில் ஏறாத காரணத்தால் மன்றத்தில் நிற்கவில்லை.

தோல்விக்குப் பின்

தோற்றவர்கள் வீட்டில் முடங்கவில்லை. 2012-இல் 'லெகசி' என்ற அமைப்பு உருவாயிற்று. 2013-இல் ஸ்னாப்பர் நாள் வரம்பை 9-இலிருந்து 3 வரை குறைக்கும் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. 47,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் சென்றன. இறுதியில் அமைச்சர் நேதன் கய் வரம்பை 7 என அறிவித்தார். மக்களுக்கான அளவு 3,050 டன்னாக உயர்ந்தது. வணிகக் கோட்டா 4,500 டன்னில் மாறாதிருந்தது. தூண்டில்காரர் வைத்துக்கொள்ளத்தக்க மீனின் சிற்றளவு 27 சென்டிமீட்டரிலிருந்து 30-ஆக உயர்ந்தது. வணிகத் தரப்புக்கோ 25-ஆகவே இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லுதல் நடுநிலை. தூண்டில்காரர் தனித்தனியே சிலவற்றையே பிடித்தாலும், பல்லாயிரவர் சேரும்போது தொகை பெரிதாகிறது. 2011-12 ஆய்வின்படி அவர்கள் பிடித்த ஸ்னாப்பர் 3,500 டன்னுக்கும் மேல். அன்று வணிகம் சாராதோர்க்கு ஒதுக்கியிருந்ததோ 2,600 டன். கோட்டாவை விலைகொடுத்து வாங்கிய சிறு மீனவரும் தம் முதலீட்டை எண்ணி அஞ்சுதல் இயல்பே. மீனுக்கோ யார் கையில் அகப்படுகிறோம் என்பதில் வேறுபாடில்லை.

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் இக்கதையிலிருந்து நான் மாணவர்க்குச் சொல்ல விரும்புவன இரண்டு. பங்கீடு எந்த ஆண்டுக் கணக்கை அடிப்படையாகக் கொள்கிறது என்று முதலில் கேளுங்கள். அநீதி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்து, அமைச்சர் தரும் வாக்குறுதி இனிக்கும்போதே அதனைச் சட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். தூண்டிலோடு நின்றவர்கள் இதனைக் கற்க இருபது ஆண்டுகள் ஆயின. நாம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.